தகரம் சொட்டுகிறது, அறை சூடு பிடிக்கவில்லை: மலையக வீட்டுக் குளிருக்கு அறிகுறி பார்த்துத் தீர்வு

விடியற்காலை நாலரை மணி. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகுமுன் அம்மா அடுப்பு மூட்ட எழும்பும் நேரம். வெளியே மழை இல்லை, காற்றும் இல்லை. கதவைத் திறந்தால் வானம் முழுக்க நட்சத்திரம். அந்த நேரத்தில்தான் தகரத்திலிருந்து ஒரு சொட்டு என் கன்னத்தில் விழும், அடுத்தது கம்பளியில். கூரையில் ஓட்டை என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அப்பா ஏணி வைத்து ஏறி ஆணித் தலைக்கெல்லாம் தார் பூசினார். அடுத்த தை மாதமும் சொட்டியது. கூரையில் ஓட்டையே இருக்கவில்லை என்பது எனக்கு விளங்கப் பல வருடம் ஆனது.

இலங்கை மலையகத்தில் நானுஓயாப் பக்கம் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், வளர்ந்தவன் நான். இப்போது 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீட்டில் இருக்கிறேன். குளிர் என்றதும் நம் ஆட்கள் முதலில் விறகைக் கூட்டுகிறார்கள், வசதி இருந்தால் கரண்ட் ஹீட்டர் வாங்குகிறார்கள். இரண்டும் செலவு. சூடு போகும் வழியை அடைக்காமல் நெருப்பைக் கூட்டுவது ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. அதனால் கீழே ஒவ்வொரு குறையையும் அதன் அறிகுறியிலிருந்து பிடித்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் தெரிவது எதுவோ அதற்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில், இது எந்தக் குளிர்?

நம் மலையில் குளிர் இரண்டு வகை. இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை.

தை, மாசிக் குளிர் மேலிருந்து வருகிறது. மேகமில்லாத இரவில் கூரையும் புல்லும் தங்கள் சூட்டை நேரே வானத்துக்கு வீசிவிடுகின்றன. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குதிரைப் பந்தயத் திடலின் புல்லிலும், கந்தப்பளை, அம்பேவெலப் பக்கம் மரக்கறித் தோட்டங்களிலும் உறைபனி வெள்ளையாகப் படிவது இந்த இரவுகளில்தான். ஆனால் மறுநாள் காலை வெயில் நன்றாக அடிக்கும். இந்தக் குளிருக்குக் கூரைக்கடியில் ஒரு காற்று இடைவெளியும், காலை வெயில் உள்ளே வர ஒரு வழியும் வேண்டும்.

ஆனி, ஆடிக் குளிர் பக்கவாட்டில் வருகிறது. தென்மேல் பருவக்காற்று அடிக்கும் நாட்களில் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் வெயிலைப் பார்க்கவே நாளாகும். வெப்பமானியைப் பார்த்தால் தை மாத விடியலைவிடக் குளிர் குறைவாகத்தான் இருக்கும். உடம்புக்கோ அதுதான் அதிகம். சுவர் ஈரம், துணி ஈரம், காற்றும் ஓயாது. இதற்கு வெயிலை நம்பிக் காசு போட்டால் வீண். தண்ணீரையும் காற்றையும் தடுப்பதுதான் வேலை.

பண்டாரவளை, அப்புத்தளை, பதுளைப் பக்கத்தவர்கள் கணக்கைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆடியில் மழை குறைவு, காய்ந்த காற்றுத்தான் பலம். ஈரமும் மூட்டமும் கார்த்திகையிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. ஊதுபத்தி, ஒரு துண்டு பொலித்தீன், ஒட்டும் டேப், மலிவான இரண்டு வெப்பமானி. ஒன்றைப் படுக்கும் அறையிலும் மற்றதை வெளியே நிழலிலும் தொங்கவிட்டு, ஒரு வாரம் இரவு 9 மணிக்கும் காலை 5 மணிக்கும் குறித்து வையுங்கள். காலை 5 மணிக்கு உள்ளுக்கும் வெளிக்கும் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம் என்றால் வீடு சூட்டைப் பிடித்து வைக்கவே இல்லை. ஐந்தாறு டிகிரி இருந்தால் வீடு நல்ல வீடு, சின்னச் சின்ன வேலை போதும்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். கம்பளி சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்குள் அசையாமல் நிற்கும் காற்றுத்தான் நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. கம்பளி நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிடும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு சூட்டைக் கடத்தும். கொழுந்து மலையில் நனைந்துவிட்டு வந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. வீட்டுக்கும் இதே கதைதான். காற்று நிற்க வேண்டும், காய்ந்திருக்க வேண்டும்.

மழையே இல்லை, ஆனால் விடியும்போது கூரை சொட்டுகிறது

தெளிந்த இரவில் மட்டும் சொட்டி, மழை நாளில் அதே இடம் சொட்டாமல் இருந்தால் அது ஒழுக்கு அல்ல. தகரம் வேர்க்கிறது.

தகரம் மெல்லியது. தெளிந்த வானத்துக்குச் சூட்டை வீசி வீசி, வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். உள்ளே ஐந்து பேர் படுத்திருந்தால் மூச்சிலும் தோலிலும் இருந்து மட்டும் ஓர் இரவில் ஒரு லீட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கும். அதோடு கயிற்றில் தொங்கும் ஈரத்துணி, மூடாத சுடுதண்ணிப் பானை. அந்த ஆவி குளிர்ந்த தகரத்தைத் தொட்டதும் நீராகிவிடும். தேத்தண்ணிக் கோப்பையின் மூடியைத் திருப்பிப் பாருங்கள், அதே சங்கதிதான்.

தார் பூசி இதை நிறுத்த முடியாது. இரவில் படுக்கும் அறையில் துணி காயப் போடுவதை நிறுத்துங்கள். குசினியில் உயரமான இடத்தில், கூரைக்குக் கீழே, ஒரு சாண் அளவு திறப்பு விட்டு ஆவி வெளியேற வழி செய்யுங்கள். இந்த இரண்டுமே பாதிச் சொட்டை நிறுத்தும். முழுக்க நிறுத்த சீலிங் வேண்டும். அப்போது அறையின் ஈரக்காற்று தகரத்தைத் தொடாது.

சீலிங் அடிக்கும்போது அறைப் பக்கத்தில் ஓர் அடுக்குப் பொலித்தீனை மடிப்பு விழாமல், மூலைகளில் டேப் ஒட்டி விரித்துவிட்டு, அதன்கீழ் பலகையை அடியுங்கள். ஆவி மேலே ஏற வழியிருக்காது. சீலிங்குக்கு மேலே உள்ள வெளியில், இரு பக்கத் தாழ்வாரத்திலும் சின்னத் துளைகள் இருக்கட்டும். தப்பி ஏறிய ஈரம் அதன் வழியே போய்விடும். துளைகளுக்குச் சிறுகண் கம்பி வலை கட்டாயம். மலையில் குளிருக்கு ஒதுங்க இடம் தேடுவது நாம் மட்டும் இல்லை, எலியும்தான்.

பழைய அஸ்பெஸ்டஸ் கூரையாக இருந்தால் அதில் துளை போடுவதோ அறுப்பதோ வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்குக் கேடு. கூரையைத் தொடாமல், சுவரில் வளை கட்டிச் சீலிங்கைத் தனியாக நிறுத்துங்கள்.

சீலிங் அடித்தாயிற்று, ஃபொயில் போட்டாயிற்று, ஒரு வித்தியாசமும் இல்லை

இது என் வீட்டில் நடந்தது. கூரை வேலை எடுத்தவர் ஃபொயில் என்ற பளபளப்பான அலுமினியத் தாள் போட்டுத்தான் தந்தார், அதற்குத் தனியாகக் காசும் வாங்கினார். முதல் தை மாதம் வந்தது. பழைய லயக் காம்பராவே (அறையே) பரவாயில்லை என்று அம்மா சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் விடியற்காலை சீலிங் பலகை ஒன்றைக் கழற்றிக் கையை மேலே விட்டேன். கை முழுக்கத் தண்ணீர். ஃபொயிலைத் தகரத்துக்கும் அதைத் தாங்கும் ரீப்பர் சட்டத்துக்கும் நடுவில் இறுக்கி, பளபளப்பு முகம் மேலே பார்க்கத் தகரத்தோடு ஒட்ட வைத்திருந்தார்கள்.

பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிரில் 90 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். ஆனால் கதிர் வந்து விழ அதற்கு முன்னால் வெற்றுவெளி வேண்டும். எதையாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது வெறும் உலோகம், சூட்டை அப்படியே கடத்திவிடும். தகரத்தோடு ஒட்டிய ஃபொயில் தகரம் மாதிரியே குளிர்ந்து வேர்த்திருந்தது.

சரியான அடுக்கு இப்படி: மேலே தகரம், அதன்கீழ் காற்றோட்டமுள்ள வெளி, கைமரத்தின் அடிப்பக்கத்தில் ஃபொயில், பளபளப்பு முகம் கீழே. அதற்குக் கீழே ஓர் அங்குலம் காற்று. பிறகு பொலித்தீனும் சீலிங் பலகையும். முகம் கீழே பார்த்தால் தூசி படியாது, வருடக்கணக்கில் பளபளப்பாக இருக்கும். அந்த ஓர் அங்குலக் காற்று நாலு பக்கமும் அடைபட்டிருக்க வேண்டும். இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் விட்டால் இன்னும் நல்லதுதானே என்று பலர் கேட்கிறார்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் போனால் உள்ளே காற்று தானாகச் சுழலத் தொடங்கும், பெரிதாகக் கூடுதல் பலன் கிடைக்காது. இடம் இருந்தால் இன்னொரு அடுக்கு வைத்து இரண்டு தனி இடைவெளியாகப் பிரிப்பது மேல்.

என் வீட்டில் இதை மாற்றிச் செய்ய இரண்டு ஞாயிறு போனது. ஃபொயில் புதிதாக வாங்கவில்லை, பழையதையே கழற்றித் துடைத்துத் திருப்பிப் போட்டேன்.

ஜன்னல் பூட்டியிருக்கிறது, ஆனால் திரைச்சீலை ஆடுகிறது

ஆடிக் காற்று அடிக்கும் ஒரு நாள் மாலையில் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். புகை நேரே ஏறினால் அந்த இடம் நல்லது. வளைந்தால் அங்கே காற்று வருகிறது. உள்ளே இழுபட்டு மறைந்தால் அந்த வழியாக உங்கள் சூடு வெளியே போகிறது.

கதவிடுக்கையும் ஜன்னலையும்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். நான் பார்த்த வீடுகளில் பெரிய களவு நடப்பது சுவர் முடிந்து தகரம் தொடங்கும் இடத்தில். தகரத்தின் ஒவ்வொரு நெளிவுக்கும் அடியில் ஒரு பிறை வடிவ ஓட்டை இருக்கிறது. ஒரு பக்கச் சுவரில் முப்பது நாற்பது நெளிவு வரும். இரண்டு பக்கத்தையும் கூட்டினால் ஒரு சின்ன ஜன்னலை இரவும் பகலும் திறந்து வைத்ததற்குச் சமம். ஊதுபத்தியை அங்கே பிடித்தால் புகை ஒவ்வொரு பிறைக்குள்ளும் நூல் நூலாகப் பிரிந்து போவதைக் காணலாம். அந்த ஓட்டைகளை அடைக்க ரெஜிபோம் (தெர்மாகோல்) துண்டை நெளிவின் வடிவத்துக்கு வெட்டிச் செருகி, உள்பக்கம் சீமெந்துக் கலவையால் பூசுங்கள். வெறும் ரெஜிபோமை எலி தின்றுவிடும். சாக்கு அடைத்தால் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடிக்கும். சீலிங் உள்ள வீட்டில் இந்த ஓட்டைகளை விட்டுவிட்டு, சீலிங்கின் ஓரத்தை அடைத்தால் போதும்.

இஸ்தோப்பு, அதாவது வீட்டின் முன் திண்ணை, இருந்தால் அதிர்ஷ்டம். அதன் முன்பக்கத்தை அடைத்து ஒரு கதவு போட்டுவிட்டால், வெளிக் காற்று நேரே காம்பராவுக்குள் பாயாது. முதல் கதவைச் சாத்திவிட்டு இரண்டாம் கதவைத் திறக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு வர ஒரு மாதம் ஆகும்.

அடைத்த பிறகு ஒரு விஷயத்தில் விளையாடக்கூடாது. படுக்கும் அறைக்குள் கரி அடுப்பு, தணல் சட்டி, விறகுத் தணல் எதையும் இரவில் வைக்காதீர்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. புகை நின்ற தணல் பாதுகாப்பானது என்று நினைப்பதுதான் உயிரைக் குடிக்கிறது. காலையில் வீட்டில் பல பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தலைசுற்று இருந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காற்றுப் போக அறையில் உயரத்தில் ஒரு கையகலத் திறப்பு எப்போதும் இருக்கட்டும். அதன் வழியே போகும் சூடு போகட்டும்.

வெயில் நன்றாக அடிக்கிறது, ஆனாலும் அறை சூடு பிடிக்கவில்லை

குளிர் நாட்டு வீடுகளைப் பற்றிப் படித்துவிட்டு, தெற்குப் பார்த்துப் பெரிய ஜன்னல் வைத்தவர்களை எனக்குத் தெரியும். அந்த அறிவுரை அந்த நாட்டுக்குச் சரி. நாம் பூமத்திய ரேகைக்கு 7 பாகை வடக்கே இருக்கிறோம். டிசம்பர் 21ஆம் திகதி நண்பகலில் லண்டனில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்தில்தான் நிற்கும், வெயில் ஜன்னல் வழியே அறையின் கோடி வரை வரும். அதே நாளில் நமக்கு சூரியன் 60 பாகை உயரத்தில். உங்கள் தாழ்வாரம் 2 அடி நீட்டியிருந்தால் அது ஜன்னலில் மூன்றரை அடிக்கு நிழல் விழுத்தும். 4 அடி ஜன்னலில் மிஞ்சுவது அரை அடி வெயில். மழைக்காகத் தாழ்வாரத்தைக் குறைக்கவும் முடியாது.

நமக்குக் கிடைக்கும் நல்ல வெயில் காலை வெயில். மத்தியானம் தாண்டினால் மூட்டமோ மழையோ வந்துவிடும், சித்திரையிலும் ஐப்பசியிலும் கேட்கவே வேண்டாம். மார்கழியிலும் தைத் தொடக்கத்திலும் சூரியன் நேர்கிழக்கிலிருந்து 20 பாகைக்கு மேல் தெற்கே தள்ளி உதிக்கும். காலை எட்டரைக்கு 30 பாகை உயரத்தில், தென்கிழக்கில் நிற்கும். அந்தச் சாய்வில் தாழ்வாரத்துக்குக் கீழே புகுந்து தரையைத் தொடும். ஆகவே கண்ணாடிக்குக் காசு போட்டால் கிழக்கு, தென்கிழக்குச் சுவரில் போடுங்கள்.

போடுமுன் எதிர் மலையை அளந்து பாருங்கள். கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் உயரம் ஏறத்தாழ 10 பாகை. அடிவானத்திலிருந்து மலை முகடு வரை எத்தனை முஷ்டி? ஒவ்வொரு முஷ்டிக்கும் வெயில் முக்கால் மணி நேரம் பிந்தும். மூன்று முஷ்டி உயரத்துக்கு மலை நின்றால் எட்டரை வரை வெயில் கிடையாது. அப்படிப்பட்ட பள்ளத்தாக்கு வீட்டில் கிழக்குக் கண்ணாடியை நம்பாதீர்கள், கூரைக்கும் காற்றுக்கும் செலவழியுங்கள். முகட்டை மறைப்பது மலையாக இல்லாமல் ஒரு கிரவில்லியா மரமாக இருந்தால், கவ்வாத்து வெட்டும்போது கிளையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, தெளிந்த காலையில் சுமார் 400 வாட் சூட்டை உள்ளே விடும். மூன்று மணி நேரத்தில் அது ஒரு யூனிட் கரண்டைத் தாண்டும். அதே ஒற்றைக் கண்ணாடி இரவில், உள்ளுக்கும் வெளிக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால், மணிக்கு மணி 55, 60 வாட் வெளியே விடும். 12 மணி நேரத்தில் முக்கால் யூனிட்டுக்குக் கிட்டப் போய்விடும். காலையில் வந்ததில் பாதிக்கு மேல் இரவில் அதே வழியால் திரும்பிப் போகிறது.

அதனால் ஜன்னலுக்கு இரவுப் போர்வை வேண்டும். தெளிந்த பொலித்தீனை ஜன்னல் நிலையின் உள்பக்கம் இழுத்து ஒட்டினால், கண்ணாடிக்கும் அதற்கும் நடுவில் அடைபட்ட காற்று சூட்டு இழப்பை ஏறத்தாழ பாதியாக்கும், வெயிலையும் பெரிதாக மறைக்காது. அதன்மேல் தடித்த திரை. திரை ஜன்னலின் கீழ்விளிம்பைத் தாண்டிச் சுவரைத் தொட வேண்டும், மேலே இடைவெளி இருக்கக்கூடாது. இல்லாவிட்டால் அறையின் சூட்டுக் காற்று மேலே புகுந்து, கண்ணாடியில் குளிர்ந்து, கீழே கொட்டும். இரவில் திரைக்கடியில் கையை வைத்துப் பாருங்கள், குளிர்காற்று பீலித் தண்ணீர் மாதிரி விழுவது தெரியும். காலை வெயில் பட்டதும் திரையைத் திறக்க மறக்க வேண்டாம். எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடும் வீட்டில் திரை மத்தியானம் வரை மூடியே கிடக்கும். அறை சூடு பிடிக்காததற்குப் பல வீடுகளில் காரணம் அவ்வளவுதான்.

பகலில் சூடு, இரவு எட்டுக்குள் ஐஸ்

வெயில் வருகிறது, ஆனால் அதைப் பிடித்து வைக்கப் பாரமான பொருள் இல்லை. பலகைச் சுவரும் தகரமும் சீக்கிரம் சூடாகி சீக்கிரம் ஆறும். கல்லும் சீமெந்தும் தண்ணீரும் மெல்ல வாங்கி மெல்லக் கொடுக்கும். வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் லயங்களில் மாலை ஆறு மணிக்குச் சுவரில் முதுகைச் சாய்த்தால் இதமாக இருக்கும். பகல் வெயில் தடித்த சுவரைக் கடந்து உள்ளே வர அவ்வளவு நேரம் எடுக்கிறது.

உங்களிடம் சிவப்புச் சீமெந்துத் தரை இருந்து அதில் காலை வெயில் விழுந்தால், அதுதான் உங்கள் அடுப்பு. அந்த இடத்தை மட்டும் பாயோ கார்பெட்டோ போட்டு மூடாதீர்கள். நிறம் மங்கியிருந்தால் பொலிஷ் போடுங்கள், கடுமையான நிறம் வெயிலைக் கூடுதலாக விழுங்கும்.

அப்புறம் தண்ணீர். 20 லீட்டர் கேன் ஒன்று 10 டிகிரி ஆறும்போது 840 கிலோ ஜூல் சூட்டை அறைக்குத் தரும், கால் யூனிட் கரண்டுக்குச் சற்றுக் குறைவு. எடைக்கு எடை சீமெந்தைவிட நாலு மடங்குக்கு மேல். கறுப்புப் பெயின்ட் அடித்த ஏழெட்டுக் கேன்களைக் கிழக்கு ஜன்னலுக்குள் வெயில் படும்படி வரிசையாக வையுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும், நுளம்பு வரக்கூடாது. நிழலில் வைத்த கேனால் பலன் இல்லை. வெயில் இல்லாத ஆடியில் இவை அறையைக் கூடுதலாகக் குளிர்விப்பது போலத் தோன்றினால் ஓரமாக ஒதுக்கிவிடுங்கள்.

கண்ணாடி அடைத்த இஸ்தோப்பு பகலில் சூடு, இரவில் காம்பராவையும் குளிர்விக்கிறது

இஸ்தோப்பைக் கண்ணாடியாலோ தெளிந்த சீட்டாலோ அடைத்து, காம்பராச் சுவரில் மேலே ஒன்று கீழே ஒன்றாகத் துளை விடுவது நல்ல யோசனை. வெயிலில் சூடான காற்று மேல்துளையால் உள்ளே ஏறும், அறையின் குளிர்காற்று கீழ்த்துளையால் இஸ்தோப்புக்கு இறங்கும். விசிறி தேவையில்லை. இதன் மூலம் பழையது. அமெரிக்கரான எட்வர்ட் மோர்ஸ் 1881இல் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புச் சுவர் வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சில் பிரனீஸ் மலையின் ஒடெய்யோ என்ற ஊரில் 1967இல் பொறியியலாளர் ஃபெலிக்ஸ் துரோம்பும் கட்டடக் கலைஞர் ஜாக் மிஷேலும் அதே முறையில் வீடு கட்டினார்கள். அதனால்தான் இன்றைக்கும் அதைத் துரோம்ப் சுவர் என்கிறார்கள். லடாக்கில் பனிமலை வீடுகளில் இது நன்றாக வேலை செய்கிறது.

இரவில் பிசகுவது இப்படி: இஸ்தோப்பு குளிர்ந்ததும் ஓட்டம் திரும்பிவிடும். காம்பராவின் சூடு மேல்துளையால் வெளியே போகும், குளிர் கீழ்த்துளையால் உள்ளே வரும். ஊதுபத்தியை மேல்துளையில் பிடித்தால் புகை இஸ்தோப்புப் பக்கம் சாயும். மேல்துளையின் காம்பராப் பக்கத்தில், மேல்விளிம்பில் மட்டும் டேப் ஒட்டி மெல்லிய பொலித்தீன் துண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். பகலில் காற்று அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும், இரவில் அதுவே துளையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாவிட்டால் பொலித்தீன் தடிப்பு அதிகம், மெல்லியதாக மாற்றுங்கள். இஸ்தோப்பு மேற்கையோ வடக்கையோ பார்த்தால் துளையே விடாதீர்கள், வெறும் காற்றுத் தடுப்பாக அது இருக்கட்டும்.

சுவரில் ஈரம், கறுப்புப் புள்ளி

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பெயின்ட் அடிக்க வேண்டாம். சுவரைத் துடைத்து, ஓரடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் அறைப் பக்கம் நனைந்திருந்தால் அது மூச்சு ஈரம், கூரை சொட்டுவதற்குச் சொன்ன மருந்தேதான். அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளியும் வையுங்கள்.

சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் மண்ணிலிருந்து வருகிறது. பெரும்பாலும் மலைப்பக்கச் சுவர்தான். வெளியே போய்ப் பாருங்கள், மண் சுவரை அணைத்துத் தரைக்கு மேல் ஏறியிருக்கும். அந்த மண்ணை விலக்கி, சுவரிலிருந்து சற்றுத் தள்ளித் தரை மட்டத்துக்குக் கீழே கான் வெட்டித் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். ஆனால் பின்னால் உயரமான மண்மேடு இருந்தால் அதன் அடியைச் சுரண்டாதீர்கள். மண்சரிவு அபாயமுள்ள இடங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சொல்லும், அவர்களைக் கேட்டுவிட்டே மண்ணில் கை வையுங்கள். சுவர் காய்ந்த பிறகு எனாமல் வேண்டாம், சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்புச் சுவரில் உள்ள ஈரம் ஆவியாகப் போக வழியிருக்கும்.

ஈரச் சுவருக்கு முன்னால் பலகை அடித்து மறைத்துவிட்டு, காற்று இடைவெளி விட்டுவிட்டேன் என்று திருப்திப்படுவது பெரிய பிழை. உள்ளே பூஞ்சணம் வளர்ந்து பிள்ளைகளுக்கு இழுப்பில் கொண்டுவிடும்.

பாதம் மட்டும் விறைக்கிறது

சீமெந்துத் தரையில் பாய் விரித்துப் படுத்தால் உடம்பின் சூட்டை இரவு முழுக்கத் தரை குடிக்கும். ஓரடி உயரத்தில் பலகைக் கட்டில் போதும். கட்டில் இல்லாவிட்டால் பாய்க்குக் கீழே காய்ந்த காட்போட் இரண்டு அடுக்கு. அதன் நெளிவுக்குள் காற்று அடைபட்டிருக்கிறது. நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

வீடு தோட்டத்தினுடையது, எதையும் உடைக்கவோ துளைக்கவோ முடியாது

10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் இருப்பவர்கள் கேட்பது இதைத்தான். முழு அறையையும் சூடாக்க நினைக்காதீர்கள், படுக்கையைச் சூடாக்குங்கள். கட்டிலை வெளிச்சுவரிலிருந்து விலக்கி, பக்கத்து வீட்டோடு சேர்ந்த நடுச்சுவர் ஓரமாகப் போடுங்கள். அந்தச் சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பத்தின் சூடு இருக்கிறது. லயத்தின் கடைசியில் உள்ள தொங்கல் காம்பராவில் இருப்பவர்களுக்கு மூன்று பக்கமும் வெளி, அவர்களுக்கு இது கட்டாயம். கட்டிலைச் சுற்றி நுளம்பு வலை கட்டுவது போல மேலேயும் பக்கங்களிலும் பழைய சேலை கட்டிவிட்டால் உள்ளே ஒரு சின்ன அறை உண்டாகும். மூச்சுக்காகக் கால்மாட்டில் ஓரடி திறந்திருக்கட்டும்.

தேயிலைத் தூள் அடைக்கும் கடதாசிச் சாக்குகள் சிலவற்றின் உள் அடுக்கில் அலுமினியப் படலம் இருக்கும். தொழிற்சாலையில் கிழிந்தது, கழித்தது கிடைத்தால் வாங்கி வையுங்கள். அந்தக் காலத்தில் ஃபொயில் ஒட்டிய தேயிலைப் பெட்டிப் பலகையை நம் தாத்தாமார் சுவரில் சாய்த்து வைத்ததும் இதற்கு உதவியிருக்கும். சாக்கை வெட்டி விரித்து, பளபளப்பு முகம் அறையைப் பார்க்க, சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி ரீப்பர் சட்டத்தில் கட்டி, தலைமாட்டில் நிறுத்துங்கள். ஆணி அடிக்கத் தேவையில்லை, சாய்த்து வைத்தாலே நிற்கும்.

எங்கள் லயத்தில் தொங்கல் காம்பராவில் இருக்கும் அக்கா ஒருவருக்குப் போன மார்கழியில் இப்படிக் கட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலை ஐந்து மணிக்கு வெப்பமானியைப் பார்த்தோம். சேலைக்குள் 17, காம்பராவில் 13, வெளியே 9. அக்கா வெப்பமானியைப் பார்க்கவில்லை. தலைமாட்டுச் சட்டத்துக்குப் பின்னால் கையை விட்டுச் சுவரைத் தொட்டார், பிறகு சாக்கின் முன்பக்கத்தைத் தொட்டார். "அங்கிட்டு ஐஸ் மாதிரி இருக்கு தம்பி, இங்கிட்டு இல்ல" என்றார். பிறகு அடுப்பு மூட்ட எழும்பிப் போனார்.